வெள்ளை, ஏழு இழை

ஜூலை 1, திங்கள்

இன்று புது ஆர்டர் ஃபைல் ஒன்று என் மேசைக்கு வந்தது. ஸ்காட்லாந்து. வேலைக்குச் சேர்ந்த பத்து மாதத்தில் நான் பார்த்ததெல்லாம் ஜெர்மனிக்குப் போகும் அடுப்படித் துண்டுகள்தான். இது டார்ட்டன். ஒரு குடும்பத்துக்கென்றே பதிவு செய்து வைத்திருக்கும் கட்டம். குடும்பப் பெயர் டன்கார்வி. அக்டோபரில் அவர்கள் அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடுகிறார்களாம். மேசை விரிப்பு, நாப்கின், போர்வை எல்லாம் அந்தக் கட்டத்தில், பருத்தியில் வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவது தினகரன் சாரின் வேலை. துணியை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. ஃபைலைத் தந்துவிட்டு, "லுங்கிக் கட்டமாட்டம் நெனச்சு அசால்ட்டாப் போட்றாத தாரணி. அவங்களுக்கு இது குலதெய்வம் மாதிரி" என்றார்.

சரிங்க சார் என்றேன். நான் அவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களைத்தான் பேசுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா பஸ் பாடி பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். புது வீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி இரண்டாம் வெள்ளி. பத்திரிகை வேலை என்னைச் சேர்ந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் விழும். கரண்ட் பில்லில் ஒரு வரி புரியவில்லை என்றாலும் நான்தான்.

ஜூலை 3, புதன்

டார்ட்டனின் இழைக் கணக்கு ஒரே வரிதான்.

பச்சை 36, கறுப்பு 8, நீலம் 28, சாம்பல் 12, நீலம் 6, வெள்ளை 7.

பச்சையில் தொடங்கி வெள்ளை வரை போக வேண்டும். வெள்ளையை மறுபடி எண்ணாமல், அங்கிருந்தே திரும்பி வந்த வழியே பச்சைக்கு வர வேண்டும். கண்ணாடி முன்னால் வைத்தது போல இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். நீளவாட்டில் ஓடும் பாவில் என்ன வரிசையோ அதே வரிசை குறுக்கே ஓடும் ஊடையிலும். அதனால் ஒரு நிறம் தன்னையே குறுக்கே சந்திக்கும் இடத்தில் மட்டும் அது அசல் நிறமாகத் தெரியும். மற்ற இடங்களில் இரண்டு நிறங்கள் சேர்ந்து மூன்றாவது ஒன்றாகிவிடும். வாங்குவது ஐந்து நிற நூல். துணியில் பதினைந்து நிறம்.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இணையத்தில் வேறு டார்ட்டன் கணக்குகளையும் பார்த்தேன். நாற்பது, ஐம்பது பார்த்திருப்பேன். அநேகமாக எல்லாமே இரட்டைப்படை எண்கள். டன்கார்வியிலும் வெள்ளையைத் தவிர எல்லாம் இரட்டைப்படை.

தட்டச்சுப் பிழையா என்று தினகரன் சாரிடம் கேட்கலாம் என்று அவர் அறை வரை போனேன். போனில் இருந்தார். வந்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

நூல் சாயத்துக்குப் போயிருக்கிறது. சாம்பல் இரண்டு முறை தப்பாக வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

நான் கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. ஆர்டர் தந்திருக்கும் ஃபியோனா டன்கார்வி தன் குடும்பக் கட்டத்தைப் பற்றி நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். நெய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாராம். இப்படி யாரும் எங்களுக்கு எழுதியதில்லை.

மற்ற டார்ட்டன்கள் எல்லாம் முந்நூறு ஆண்டுப் பெருமை பேசும், எங்களுடையதற்கு ஐம்பது வயதுதான் என்று தொடங்குகிறார். 1974-இல் அவருடைய அப்பா ஆர்ச்சி, கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்தது. அவர்கள் ஊர் ஒரு தீவு. ஆர்ச்சி அங்கே கற்பலகைச் சுரங்கத்தில் மேஸ்திரி. பச்சை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் சரிவு. கறுப்பு, சுரங்கத்தின் வாய். அகல நீலம் கடல். சாம்பல், வெட்டியெடுக்கும் கல். குறுகிய நீலம், தீவுக்கும் கரைக்கும் இடையில் ஓடும் கால்வாய்த் தண்ணீர். நடுவில் வெள்ளை, அவருடைய பிள்ளைகள். ஏழு பிள்ளைகள், ஏழு இழைகள். ஃபியோனா கடைசி.

ஆர்ச்சிக்கு இப்போது தொண்ணூற்று ஒன்று. அக்டோபர் கூட்டம் அவருக்காகத்தான்.

தினகரன் சார் படித்துவிட்டு, "நம்மூர்ல புள்ளைங்க பேரைப் பீரோவுல ஸ்டிக்கராட்டம் ஒட்டுவாங்க, இவங்க நூல்ல ஒட்டியிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 11, வியாழன்

சாம்பிள் பாவு ஓடி, தறியில் ஏறி, நாலு முழம் நெய்தும் ஆகிவிட்டது. பாவு ஓட்டியது மாராயி அக்கா. கம்பெனியில் அவர் கை வேகத்துக்கு ஆள் கிடையாது.

நெய்ததை மேசையில் விரித்து, இழை எண்ணும் பூதக்கண்ணாடியை வெள்ளைப் பட்டையின் மேல் வைத்தேன். எட்டு. அடுத்த வெள்ளையையும் எண்ணினேன். எட்டு.

பாவு ஓட்டும் கொட்டகைக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

"ஏழுன்னு எழுதியிருந்துச்சுங்க அக்கா."

"எழுதியிருந்துச்சு. அதுக்கு?"

"எட்டு இருக்குதுங்க."

"ஏம்புள்ள, சாம்பிள் பாவுக்கு ரெண்டு ரெண்டு நூல் கோன் வெச்சுத்தான ஓட்டறேன். ஒரு சுத்துக்கு ரெண்டு இழை வரும். மூணு சுத்து சுத்துனா ஆறு, நாலு சுத்துனா எட்டு. ஏழுக்கு நான் எங்க போறது? பாதிச் சுத்து சுத்தீட்டு மேல தொங்கறதா?" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "காலேஜ்ல ஒத்தைப் படையெல்லாம் சொல்லித் தாராங்களாட்டம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கொறையக் குடுக்கறதுக்கு ஒண்ணு கூடக் குடுக்கறது மேலு கண்ணு. போ" என்றார்.

தினகரன் சாரிடம் சொன்னேன். குரியர் ஐந்து மணிக்கு. அப்போது நாலே கால். "ஒரு இழையை எவன் உக்காந்து எண்ணப் போறான்? மடிச்சு அனுப்பு."

மடித்து அனுப்பினேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை வாசகத்தை முடிவு செய்துவிட வேண்டும் என்று அப்பா காலையிலேயே நோட்டோடு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குலதெய்வம் துணை. தாத்தா பெயர். பெரியப்பா பெயர், கொட்டை எழுத்தில். தங்கள் வருகையை எதிர்நோக்கும் என்று போட்டு அதன் கீழே அப்பா, அம்மா. அதன் கீழே மகள், செல்வி தாரணி, பி.டெக். பி.டெக் என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

"அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்."

அம்மா கொசுவலை தைக்கும் மிஷினை நிறுத்தினார். பிறகு மறுபடி ஓட்டினார்.

என் கூடப்பிறந்த அக்கா பெயரை அப்பா சொல்லவில்லை. அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மைதிலி, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாலு வருடத்துக்கு முன்னால் முருகவேல் என்பவரைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். அவர் வேறு சாதி. அதற்குப் பிறகு ரேஷன் கார்டில் தொடங்கி எல்லாவற்றிலும் நாங்கள் மூன்று பேர்.

சாயங்காலம் துணி துவைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

சாம்பிள் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஜூலை 22, திங்கள்

காலையில் ஃபியோனாவின் மின்னஞ்சல். மூன்றே வரி. துணி அழகாக இருக்கிறது. ஆனால் எல்லா வேலையையும் நிறுத்துங்கள். வெள்ளையில் எட்டு இழை வைக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?

முதலாளி அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். முதலாளி சத்தம் போடவில்லை. சாம்பிளின் மற்றொரு துண்டை மேசையில் போட்டு, "எண்ணுனது யாரு?" என்றார்.

தினகரன் சார் என்னைப் பார்த்தார்.

"நான்தானுங்க சார்."

"எண்ணும்போது தெரியலயா?"

தெரிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். தினகரன் சார் முந்திக்கொண்டு, "புதுப் பொண்ணு சார், நான் பேசிச் சமாளிச்சிர்றேன்" என்றார்.

புதன்கிழமை வீடியோவில் பேச வேண்டுமாம். வடிவமைத்தவரும் இருக்க வேண்டும் என்று ஃபியோனா எழுதியிருக்கிறார்.

ஜூலை 23, செவ்வாய்

சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். பேருந்தில் வரும்போது மறந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

மதியம் மூன்று மணிக்கு. திரையில் ஃபியோனா. ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கிழவர். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. மடியில் எங்கள் சாம்பிள்.

பேச்சுத் தொடங்கும் முன் தினகரன் சார் மைக்கை அணைத்துவிட்டு என்னிடம், "மிஷின் ஃபால்ட்டுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத" என்றார்.

கிழவர்தான் முதலில் பேசினார். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஃபியோனா திரும்பச் சொன்னார்.

"உங்களுக்கு இதை யார் எழுதினார்கள் என்று கேட்கிறார். கிளாஸ்கோவிலிருந்து யாராவது எழுதினார்களா?"

"யாரும் எழுதவில்லை" என்றேன்.

"அப்படியானால் எட்டு எப்படி வந்தது?"

தினகரன் சார் மேசைக்கடியில் என் நாற்காலியை உதைத்தார். மிஷின் என்ற சொல் வாய் வரை வந்தது. மாராயி அக்காவின் கைக்கு மிஷின் என்று பெயர் வைப்பது சரியாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் சொன்னேன். "இங்கே பாவு ஓட்டும்போது இரண்டிரண்டு இழையாக ஓட்டுகிறார்கள். ஆறு வரும், எட்டு வரும். ஏழு வராது. அதனால் எட்டானது. நான் எண்ணிப் பார்த்தேன். எட்டு என்று தெரிந்துதான் அனுப்பினேன். தப்பு என்னுடையது."

ஃபியோனா அதை அவர் காதருகில் சொன்னார். அவர் சாம்பிளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, எனக்குப் புரியும்படி பேசினார்.

"மற்ற எண்கள் எல்லாம் இரட்டை. கவனித்தாயா?"

"கவனித்தேன், ஐயா. வெள்ளை மட்டும் இல்லை."

"நெய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அப்போதே என் மனைவி சொன்னாள்" என்றார். "நான் வரைந்தபோது எட்டு."

ஃபியோனா அவர் பக்கம் திரும்பினார். இது ஃபியோனாவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திரை அணைந்தது. இணைப்புப் போய்விட்டதா, அவர்களே அணைத்துவிட்டார்களா, தெரியவில்லை.

தினகரன் சார் நாற்காலியில் சாய்ந்தார். "ஆர்டர் போச்சு தாரணி. சும்மா இருக்கற புள்ள வாயத் தொறந்தா இப்படித்தான் ஆவும்."

ஜூலை 26, வெள்ளி

பதில் இல்லை. அடுப்படித் துண்டு வேலை பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அக்காவின் செய்தி வந்தது. ஞாயிறு தோறும் வரும். இன்று குழந்தையின் படம். பெண் குழந்தை, இரண்டு வயது, பிளாஸ்டிக் குடத்துக்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான்.

நான் எல்லாச் செய்தியையும் படித்துவிடுவேன். படித்தது அவளுக்குத் தெரியாதபடி போனில் மாற்றி வைத்திருக்கிறேன். நாலு வருடத்தில் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. அப்பாவுக்காக என்று நினைத்துக்கொள்வது வழக்கம்.

அவள் போன அன்று பேருந்து நிலையம் வரை என்னையும் வரச் சொன்னாள். தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது என்றாள். எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று சொன்னேன்.

புது வீட்டுக்கு ஜன்னல் வந்திருக்கிறது. அம்மாவுக்கு நிறம் பிடிக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

ஃபியோனா எழுதிவிட்டார். மின்னஞ்சலோடு ஆர்ச்சியின் பழைய தாளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை, கறுப்பு, நீலம், சாம்பல், நீலம். நடுவில் வெள்ளைக்காக விட்ட கட்டங்களைச் சுற்றிப் பென்சில் கோடு. எட்டுக் கட்டம். எட்டாவதை ரப்பரால் அழித்திருக்கிறார். அழித்த இடத்தில் தாள் பஞ்சு போலாகியிருக்கிறது.

ஃபியோனா எழுதியதன் சாரம் இது. மூத்தவள் மோரக். ஆர்ச்சி அந்தக் கட்டத்தை வரைந்தது ஒரு வசந்த காலத்தில். அந்தக் கோடையில் மோரக் ஒரு கத்தோலிக்கரைத் திருமணம் செய்துகொண்டு கிளாஸ்கோ போய்விட்டார். இவர்கள் வேறு சபை. ஃபியோனாவுக்கு அப்போது ஒரு வயது. பதிவுக்கு அனுப்பும் முன் ஆர்ச்சி ஒரு கட்டத்தை அழித்தார். வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமல் இருந்து இருந்து, ஒரு காலத்துக்குப் பின் பேசுவதற்கு எதுவும் இல்லாமலே போய்விட்டது. ஏழு பேர் என்று நினைத்தே ஃபியோனா வளர்ந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் ஊரார் யாரோ சொல்லித் தெரிந்ததாம். கட்டத்தில் மோரக் இருந்ததும் அழிக்கப்பட்டதும் புதன்கிழமை வரை அவருக்குத் தெரியாது.

மோரக் பதின்மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய மகள் கிளாஸ்கோவில் இருக்கிறார். மோரக் இதையெல்லாம் அந்த மகளிடம் சொல்லி, அந்த மகள்தான் எங்களுக்கு எழுதியிருப்பாரோ என்று ஆர்ச்சிக்குச் சந்தேகமாம். அல்லது ஆசையாம். ஃபியோனா இரண்டு சொல்லையும் எழுதியிருந்தார்.

எட்டாகவே நெய்யுங்கள் என்று முடித்திருக்கிறார். அண்ணன்கள் இரண்டு பேருக்கு இதில் சம்மதமில்லை, அக்டோபரில் அவர்கள் வராமல் போகலாம், அதைப் பார்த்துக்கொள்வோம். பதிவில் இருக்கும் எண்ணை மாற்றுவது பிறகு.

கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு என்று தேடிப் பார்த்தேன். இங்கிருந்து பார்க்கிற எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவையும் முருகவேல் அத்தானின் தெருவையும் அங்கிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

மாராயி அக்காவிடம் போய், எட்டே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னனல்ல" என்றார்.

ஜூலை 31, புதன்

பர்மிஷன் போட்டுவிட்டு மதியம் அச்சகத்துக்குப் போனேன். பத்திரிகை புரூஃப் தயார். "படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. நாளைக்கு நைட்டு மிஷின்ல ஏத்தீர்றேன், வெள்ளிக்கெழம கைக்கு வந்துரும்" என்றார் அச்சகக்காரர்.

முகவரியில் ஒரு எழுத்து விட்டிருந்தது. சரி செய்தேன். நேரம் சரி. பெரியப்பா பெயர் சரி.

மகள் என்று இருந்த இடத்துக்கு மேலே பேனாவால் ஒரு வரி எழுதினேன். மகள் - மருமகன்: மைதிலி - முருகவேல்.

"இது மொதல்ல இல்லீங்களே?"

"இப்ப இருக்குதுங்க."

"அப்பாருக்குத் தெரியுமுங்களா?"

"நான் சொல்லிக்கறனுங்க."

கையெழுத்துப் போட்டேன். திரும்பிப் போய் ஆபீஸில் ஐந்தரை வரை வேலை பார்த்தேன்.

அக்கா போன அன்று எனக்குப் பரீட்சை இல்லை. அதை எங்கேயும் எழுதியதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பத்திரிகைக் கட்டு வந்தது. இருநூற்று ஐம்பது. அம்மாதான் முதலில் பிரித்தார். மஞ்சள் தடவ ஒன்றை எடுத்து, படித்து, சமையல்கட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்க?"

நான் அடுப்பைத் தணித்தேன்.

அம்மா பத்திரிகையை முந்தானையில் துடைத்தார், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "பேரு நல்லாத்தான் விழுந்திருக்குது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க பாரு, பிரஸ்காரன் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லிரு. திருப்பி அடிக்க நேரமில்ல, ஆடிப் பதினெட்டு நாளைக்கு, குடுக்க ஆரம்பிக்கோணும்னு நானும் சொல்றன். அவரு கத்தீட்டு உட்ருவாரு. பேரும் இருந்த மாதிரி இருக்கும், நீ போட்ட மாதிரியும் இருக்காது" என்றார்.

அம்மா இவ்வளவு வேகமாக யோசித்து நான் பார்த்ததில்லை.

அப்பா குளித்துவிட்டு வந்து நின்றபடியே படித்தார். அம்மா ஆரம்பித்தார். "இந்தப் பிரஸ்காரன் பாருங்க..."

"தப்பில்லீங்கப்பா" என்றேன். "பிரஸ்காரர் போடல. நான்தான் எழுதிக் குடுத்தன். கையெழுத்தும் நான்தான் போட்டன்."

அப்பா மறுபடியும் படித்தார். கடைசி வரி வரை படித்து, கட்டின் மேலேயே திரும்ப வைத்தார்.

"அப்ப நீயே குடு" என்றார். "நான் வரமாட்டன்."

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

முதல் பத்திரிகையைக் கோயிலில் அம்மாவே வைத்துவிட்டார். இரண்டாவது பெரியப்பா வீட்டுக்கு. அம்மா வரத் தயங்கினார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் வைத்து, நான் மட்டும் போனேன். வழியெல்லாம் காவிரிக்குப் போகிற கூட்டம். மஞ்சள் கயிறும் காதோலையும் வைத்த தட்டோடு போகிறவர்கள் என் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி வாங்கிப் படித்தார். பெரியம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பெரியம்மாவின் விரல் அந்த வரியில் நின்றது.

"ஏங்கண்ணு, உங்கொப்பன் வரலயா?"

"இல்லீங்க பெரியப்பா."

"உங்கொம்மா?"

"இல்லீங்க."

பத்திரிகையை மடித்துத் தட்டிலேயே வைத்தார். "கலியாணமாகாத புள்ள தனியா வந்து நீட்டுனா அது அழைப்பு ஆவாது சாமி. கடைவீதில நோட்டீஸ் குடுக்கற மாதிரி. உங்கொப்பன வரச்சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. பெரியம்மா காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

சின்ன அத்தை வீட்டில் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் குங்குமம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஏழு வீடு. வாங்கியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, எங்கள் கதை தெரியாது.

ஒன்பது மணிக்கு அக்காவின் செய்தி. சாப்பிட்டாயா.

சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். நீ, என்றும் போட்டேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்வதாக வெகுநேரம் காட்டியது. கடைசியில் ஒரு சொல்தான் வந்தது. தோசை.

ஆகஸ்ட் 8, வியாழன்

டன்கார்வி ஆர்டருக்கு முழுப் பாவும் ஓடிவிட்டது. வெள்ளை எட்டு. தினகரன் சார் தானே வந்து எண்ணிப் பார்த்தார். "எட்டுதான?" என்று என்னிடம் கேட்டார். எட்டுதான் சார் என்றேன்.

வீட்டில் அப்பா என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்பதென்றாலும் அம்மாவிடம் கேட்கிறார். தெருவில் ஐந்தாறு பேர் பிரஸ்காரன் தப்பாமே என்று என்னிடம் விசாரித்தார்கள். அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். இல்லீங்க, தப்பில்லீங்க என்று சொன்னேன். ஒரு நாளில் இத்தனை பேரிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை. தொண்டை வலிக்கிறது.

கொடுத்தது பதினொன்று. மிச்சம் கட்டாகவே இருக்கிறது. ஆவணி இரண்டாம் வெள்ளிக்கு இருபத்திரண்டு நாள். யாரும் வராமல் போனால் அப்பா புது வீட்டுக்குள் எப்படி நுழைவார் என்று யோசித்தேன். இருபது வருடம் அடுத்தவர்களுக்கு பஸ் கட்டியவர். இந்த ஒரு வீட்டைத்தான் தனக்கென்று கட்டியிருக்கிறார். பெயரைப் போட்டது சரிதான் என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் தனியாக நிற்பதைப் பார்க்கவும் முடியாது என்று தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே தோன்றுகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா குறையாமல் கிடந்த பத்திரிகைக் கட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் செருப்பைத் தேடினார். அம்மாவையும் பட்டுச் சேலை கட்டச் சொன்னார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் பெரியப்பா வீட்டுக்கு நடந்தோம். தட்டு அம்மாவிடம். நான் பின்னால்.

பெரியப்பா பத்திரிகையை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏண்டா, பிரஸ்காரன் தப்பாப் போட்டுட்டான்னு பேசிக்கறாங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா வேட்டி நுனியைச் சரிசெய்தார்.

"இல்லீங்ணா. தப்பில்ல."

"அப்ப நீதான் போடச் சொன்னயா?"

"எம்பொண்ணு போட்டா. பேரு இருக்குதுங்கில்ல, இருக்கட்டும். ஆவணி ரெண்டாம் வெள்ளிக்கு ஆறு மணிக்கே வந்து நின்னு நடத்திக் குடுங்க."

பெரியம்மாதான் கையை நீட்டிக் குங்குமம் எடுத்துக்கொண்டார். "வர்றம், வர்றம். காபி குடிச்சுட்டுப் போங்க."

மாலைக்குள் நாற்பது வீடு முடிந்தது. நாலு வீட்டில் வாங்கவில்லை. அப்பா அந்த நாலு வீட்டு வாசலிலும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில், திருப்பூருக்கு வியாழக்கிழமை லீவில் நான் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"தனியாப் போனா அழைச்ச மாதிரி ஆவாது" என்றார் அப்பா. ஒன்பது நாளில் என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலை ஆறு ஐம்பது பேருந்து. வெள்ளகோவில் வரை அப்பா நின்றுகொண்டே வந்தார். அம்மா தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. வருகிறோம் என்று அக்காவுக்கு நேற்றே செய்தி அனுப்பியிருந்தேன். எத்தனை பேர் என்று அனுப்பவில்லை.

வீடு மாடியில். குறுகலான படி. அப்பா முன்னால் போய்க் கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள். இடுப்பில் குழந்தை. பின்னால் முருகவேல் அத்தான் கையில் கரண்டியோடு நின்றார்.

அப்பா அம்மாவிடமிருந்து தட்டை வாங்கி, படியில் நின்றபடியே அக்காவிடம் நீட்டினார். தட்டு சாய்ந்து பாக்குகள் உருண்டன.

அக்கா தட்டைப் பார்த்தாள். பத்திரிகையைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. கதவை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்தாள்.

"உள்ள வந்து குடுங்க" என்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றினார்.